இந்த வீட்டில் குழந்தை இல்லை

அறுவை மில்லுக்குப் பின்னால் இருக்கும் தகர வீடுகளில் கடைசி வீட்டுக்கு முன்னால் அந்தப் பெண் வந்து நின்றபோது பட்டைக்காரி தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். வந்தவள் கதவைத் தட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. வாசலுக்கு ஒரு பக்கமாக, பார்வை உள்ளே போகாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, குடையை மடக்கி அதன் நுனியால் தரையை இரண்டு தரம் தட்டினாள். காட்டு மேட்டிலிருந்து இறங்கி வந்த அவளுடைய மேட்டு ஜனங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் அப்படித்தான் நிற்பார்கள், கையில் எது இருக்கிறதோ அதால்தான் தட்டுவார்கள். அதைப் பார்த்ததும் பட்டைக்காரி வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஊராள் யாராவது வந்து கதவைப் படபடவென்று இடித்திருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

பட்டைக்காரி என்பது மில்லில் வைத்த பேர். லாரியில் வந்து இறங்கும் தடிகளின் மேல் கால் அகட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால் இழுத்து இழுத்துப் பட்டை உரிப்பது அவள் வேலை. உரிக்க உரிக்க மரத்தின் பிசின் கையில் ஏறும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. உள்ளங்கை எதைத் தொட்டாலும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அவள் குணமும் அதுதான் என்று மில்லில் கேலி செய்வார்கள். எதையும் லேசில் நம்ப மாட்டாள், நம்பாததை லேசில் விடவும் மாட்டாள். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தால், இன்றைக்கு யார் தலையில் கை வைக்கப் போகிறாரோ என்று கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். பெரும்பாலும் அவள் நினைத்தபடியே ஆகிவிடுவதால் அந்தக் குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு வரவில்லை.

வேறு வழியில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் திரும்பினாள். அதுவும் முறைதான். முப்பது வயது இருக்கலாம். தோளில் ஒரு பை, காலில் ஊர்ச் செருப்பு. வாயைத் திறந்தால் மேட்டுப் பேச்சு, அதுவும் ஆற்றின் மேல்பக்கத்து இழுவையோடு.

"பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு இருமல் விட்டுடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

பட்டைக்காரி கையிலிருந்த துணியை உதறினாள். "எங்களுக்கு ஆடும் தெரியாது, குட்டியும் தெரியாது. நீங்க யாரு?"

குடும்ப உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், மேட்டுக் குடும்பங்களுக்கென்றே தன்னை வைத்திருப்பதாகவும் அவள் சொன்னாள். பட்டைக்காரி, மில்லுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, பொந்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு அவள் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் வானம் பார்த்து யாரும் குடை எடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குக் குடைக்காரி என்று பேராகிவிட்டது.

ஆட்டுக்குட்டி என்று அவள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த வீட்டில் பட்டைக்காரி, அவள் தம்பி, தம்பி பொண்டாட்டி மூவரும் இப்போது இருக்கிறார்கள். தம்பி தடி உருட்டுகிறவன். தம்பி பொண்டாட்டி ரம்பத்துக்குக் கீழே விழும் தூளை வாரி மூட்டை கட்டுகிறவள். கொஞ்ச காலம் முன்புவரை அப்பாவும் இருந்தார். வாழ்நாளெல்லாம் பட்டையும் தூளும் தின்று நெஞ்சு அடைத்துப்போய், கோடை தொடங்கிய புதிதில் இறந்துவிட்டார். அவரோடு தம்பியின் குழந்தையும் இருந்தது. நடக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு சொற்கள் பேசத் தொடங்கிய பெண் குழந்தை. கிழவர் நெஞ்சின்மேல் படுத்தால்தான் தூங்கும். கிழவரும் அது முதல் வாய் கஞ்சி குடித்த பிறகுதான் தன் கிண்ணத்தைத் தொடுவார்.

அங்கேதான் சிக்கல். மேட்டு ஜனங்களுடைய எண்ணத்தில், செத்தவர்களுக்குக் கெட்ட புத்தி கிடையாது. பிரியம்தான் உண்டு. யார்மேல் உயிரை வைத்திருந்தார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போகத் திரும்பி வருவார்கள். புதைத்த மண்ணில் நல்ல மழை பெய்து, தூக்கிப்போனவர்களின் காலடித் தடமெல்லாம் கரைந்தால்தான் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிடுவார்கள். அதுவரைக்கும் குழந்தையை வேறு இடத்தில் ஒளித்து வைக்க வேண்டும். ஒளிப்பது அத்தையின் பொறுப்பு. பெற்ற தாய்க்குக்கூட இடம் தெரியக் கூடாது, ஏனென்றால் தாயின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். யார் கேட்டாலும் இந்த வீட்டில் குழந்தையே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முறை தெரிந்தவர்கள் விசாரிப்பதானால் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி என்றுதான் விசாரிப்பார்கள். காட்டில் இருந்த காலத்தில் இது நாலைந்து நாள் சமாசாரம். மழைக்கா அங்கே பஞ்சம்? காடு பலகையாகிப்போய், மேட்டு ஜனம் வேறு எங்கிருந்தோ வரும் தடிகளுக்குப் பட்டை உரிக்கும் இந்தக் காலத்தில், வானம் வெளுத்த துணி மாதிரி மாதக்கணக்கில் கிடந்தது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. அக்கரையில் புதைத்த அப்பா நினைத்தால் சாதாரணமாகவே நடந்து வந்துவிடலாம் என்று பட்டைக்காரி பயந்தாள்.

குழந்தை எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரியும். இப்போதைக்கு நாமும் கேட்க வேண்டாம்.

மையத்துக்காரர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. குழந்தை எடை குறைவாக இருந்ததால் மாதாமாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்து சத்து மாவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வருவது நின்றதும் மையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். மையத்திலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி ஒருத்தி வந்தாள், இவர்கள் வைத்த பேர் கண்ணாடியம்மா. முன்பெல்லாம் இவர்களை ஊர்ப் பேச்சில் அதட்டித்தான் கேள்வி கேட்பார்கள். இப்போது அவரவர் பேச்சிலேயே மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று மேலிடத்தில் உத்தரவாம். கண்ணாடியம்மா அதை மனப்பூர்வமாகவே எடுத்துக்கொண்டாள். மில் காவல்காரருக்கு மேட்டுப் பேச்சு கொஞ்சம் தெரியும் என்று கேள்விப்பட்டு அவரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் வாசலில் நின்று, செத்தவருக்கு மட்டுமல்ல, எட்டுத் தெருவுக்கும் கேட்கிற குரலில், மேட்டுப் பேச்சில், "உங்க குழந்தை எங்க?" என்று கேட்டார். தம்பி வெளிறிப்போனான். "எங்க வீட்ல குழந்தையே கிடையாது" என்றான். தம்பி பொண்டாட்டியும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரிக்கட்டையால் கோடு கோடாகக் கிறுக்கியிருந்தது. துணியையும் கிண்ணத்தையும் மறைக்கத் தெரிந்தவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. கண்ணாடியம்மா கிறுக்கலைப் பார்த்தாள், இவர்கள் முகத்தைப் பார்த்தாள், போய்விட்டாள். இருந்த குழந்தையை இல்லை என்கிற வீட்டைப் பற்றி யாருக்குத்தான் நல்லதாக நினைக்கத் தோன்றும்? விற்றுவிட்டார்களா, கொன்றுவிட்டார்களா என்றுதான் தோன்றும்.

அதற்குப் பிறகுதான் குடைக்காரி வந்தது.

"நம்ம ஆளுதானே அக்கா? முறையெல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றான் தம்பி, கஞ்சியில் கிழங்கைப் பிசைந்துகொண்டே.

"முறை தெரிஞ்சவதாண்டா ஆபத்து. பூட்டை உடைக்கிறவனுக்கு நேரமாகும். சாவி வச்சிருக்கிறவனுக்கு என்ன நேரம்?" என்றாள் பட்டைக்காரி.

அவள் சும்மா சொல்லவில்லை. அவளுடைய எட்டாவது வயதில் இதே மாதிரி ஒருவர் மேட்டுக்கு வந்தார். வாசலில் முதுகு காட்டி நின்று தரையைத் தட்டினார். மேட்டுப் பேச்சு அவர் வாயில் தேனாக வழிந்தது. பிள்ளை நாலு எழுத்துப் படித்து அடுத்த மழைக்குத் திரும்பி வந்துவிடும் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா நம்பினார். ஊராள் பேச்சில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். அவளைக் கொண்டுபோய் விட்ட காப்பகத்தில் மேட்டுப் பேச்சு பேசினால் அன்றைக்குச் சோறு கிடையாது. எத்தனையோ மழை கழித்து அவள் திரும்பி வந்தாள். வந்து நின்று, "கொஞ்சம் தண்ணி வேணும்" என்று கேட்டாள். ஊர்ப் பேச்சில்தான் கேட்க வந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து சாகும்வரை அவர் அப்படித்தான். ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கணக்குப்பிள்ளை வந்து பேசினாலும் சரி, ரேடியோ பாடினாலும் சரி. தன்மேல் வெறுப்பு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் தம்மையே வெறுத்துக்கொண்டுதான் எழுந்து போனார் என்பது பிற்பாடு புரிந்தது. புரிந்தாலும் அந்த வலி போகவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் வாயே திறக்காமல் இருந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தன் பேச்சைத் திரும்ப வாங்கினாள். ஊர்ப் பேச்சு அடியோடு மறந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். அது பொய். ஒரு சொல்லும் மறக்கவில்லை. தெரியாத மாதிரி மரக்கட்டையாக நின்றால் ஊராட்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அதை அவள் இடுப்பில் செருகிய கத்தியாக வைத்திருந்தாள்.

குடைக்காரி விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். வந்தால் தரையைத் தட்டுவாள், தண்ணீர் குடிப்பாள், ஆட்டுக்குட்டியை விசாரிப்பாள். குழந்தை என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டாள். தம்பி பொண்டாட்டி தூள் மூட்டையின் வாயைத் தைக்கும்போது கூட உட்கார்ந்து கோணி ஊசியில் சணல் கோத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மாவு கொடுக்கக் காத்திருப்பதையும், மையத்துக் குழு கூடி விசாரிக்கப் போவதையும், அன்றைக்கும் இல்லை என்றே சொன்னால் போலீசுக்கு எழுதி, கிடைக்கிற குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் ஆட்டுக்குட்டி கதையாகவே சொன்னாள். காப்பகம் என்பதற்கு மட்டும் மேட்டுப் பேச்சில் சொல் இல்லாததால் ஊர்ச் சொல்லையே சொன்னாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பட்டைக்காரியின் கை தன்னால் கத்தியைத் தேடியது.

அன்று சாயங்காலம் தம்பி பொண்டாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாய்ப்பால் இன்னும் வற்றாமல் மார்பு கட்டிப்போய், ஈரத்துணி வைத்துக் கட்டியிருந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, ஆட்டுக்குட்டி நிஜமாவே இருக்குதுதானே?" என்றாள்.

பட்டைக்காரிக்குச் சுருக்கென்றது. ஊர் சந்தேகப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். இவளும் சந்தேகப்படுகிறாள். பட மாட்டாளா? பெற்றவளுக்கு இல்லாத கவலையா?

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் அதுவே அப்பாவுக்குத் துப்பாகிவிடும். அவள் எழுந்து உள்ளே போனதும் பட்டைக்காரி தன் பாட்டுக்கு அழுதாள்.

குழந்தையை அவள் வாரம் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மில்லின் கழிவுக் கட்டைகளைச் சுட்டுக் கரியாக்கி, ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருப் பக்கம் போவது அவள் வழக்கம். துணி தேய்க்கிற பெண் ஒருத்தி இஸ்திரிப் பெட்டிக்கு அந்தக் கரியை வாங்கிக்கொள்வாள். போகும் வழியில் பார்க்க முடியும், தொட முடியாது, பேசவும் கூடாது. குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. இருமல் விட்டிருந்தது. ஆனால் சென்ற வாரம் அது ஏதோ ஒரு சொல்லைக் கத்தியது. மேட்டுச் சொல் இல்லை. பட்டைக்காரி சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தனக்கு நடந்ததையே தன் கையால் செய்துவைக்கிறேனோ என்று அன்று முழுக்கக் குமைந்தாள். மழை வா, சனியனே வா என்று வானத்தைத் திட்டினாள்.

குடைக்காரியை ஒருதரம் உரசிப் பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. மறுநாள் அவள் வந்து ஆட்டுக்குட்டியைக் கேட்டதும், வழக்கத்துக்கு மாறாகப் பட்டைக்காரி குரலைத் தாழ்த்தினாள். பழைய செங்கல் சூளைப் பக்கம் யாரோ ஒருத்தி புதுசாக ஒரு குட்டி வளர்க்கிறாளாமே, கேள்விப்பட்டாயா என்றாள். குடைக்காரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் முழுக்கப் பட்டைக்காரி தடி அடுக்கின் உச்சியில் உட்கார்ந்து உரித்தாள். அங்கிருந்து பார்த்தால் சூளைக்குப் போகும் சாலை தெரியும். மையத்து வண்டி போகிறதா, போலீஸ் வண்டி போகிறதா என்று கண் அங்கேயே இருந்ததில் கத்தி இரண்டு தரம் வழுக்கியது. தடியில் ஆழமாக வெட்டு விழுந்ததற்கு மேஸ்திரி திட்டினார். வண்டி எதுவும் போகவில்லை. உச்சி வெயிலில் ஒரு குடை மட்டும் போனது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது.

அதற்கடுத்த நாள் குடைக்காரியின் செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "சூளைப் பக்கம் குட்டி எதுவும் இல்லக்கா. யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பட்டைக்காரிக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்றப்பட்டவளுக்குக் கோபம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? பூனைகூடத்தான் பொந்துக்கு வெளியே கோபப்படாமல் உட்கார்ந்திருக்கிறது.

விசாரணை அன்று மூவரும் மில்லில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மையத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் வெயில் சுட்டது. கடைத்தெருவுக்கு அருகே மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடம். நீளமான நடை, பெஞ்சு, ஓரத்தில் தண்ணீர்ப் பானை. தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஜன்னல் பக்கம் உட்கார, பட்டைக்காரி அதிகாரிகள் நிற்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். நினைத்தபடியே கண்ணாடியம்மாவும் குடைக்காரியும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஊர்ப் பேச்சில் பேசத் தொடங்கினார்கள். பட்டைக்காரி முகத்தைப் பலகையாக வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு" என்றாள் கண்ணாடியம்மா. "ஆனா குழந்தையைக் காணோமே. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்க அவங்க பேச்சுல கேளுங்க. இல்லேன்னு சொன்னா நம்ம வேலை முடிஞ்சுது, போலீஸ் பாத்துக்கட்டும்."

"குழந்தை பத்திரமா இருக்கு" என்றாள் குடைக்காரி.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. அந்தக்கா என்னைச் சூளைக்கு அனுப்பிச்சாங்க. அங்க ஒண்ணும் இல்ல. குழந்தையைத் தொலைச்சவ என்னைச் சூளைக்கு அனுப்ப மாட்டா. ஒளிச்சு வச்சிருக்கிறவதான் அனுப்புவா."

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வண்டி எடுத்துட்டு வருவீங்க. வண்டியைப் பாத்தா அப்புறம் அந்த வீட்ல எனக்குத் தண்ணி கிடைக்காது."

பட்டைக்காரி பார்வையை அசைக்கவில்லை. உரசிப் பார்ப்பது தெரிந்தே குடைக்காரி அந்த வெயிலில் நடந்திருக்கிறாள். தெரியாதவள் மாதிரி தன்னிடம் வந்து பேசியிருக்கிறாள். இவள் எனக்கு மேல் இருக்கிறாளே என்று பட்டைக்காரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள் நல்லவளா என்பது இருக்கட்டும். யாரும் கேட்கவில்லை என்று நினைத்த இடத்தில் ஒரு சொல்லும் மாற்றிப் பேசவில்லை. பட்டைக்காரியின் கணக்கில் அது பெரிய விஷயம்.

உள்ளே நீள மேசைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். அவருக்கு ஒரு பக்கம் ஆஸ்பத்திரி நர்ஸ், மறுபக்கம் கண்ணாடியம்மா. மில் காவல்காரரையும் எதற்கும் இருக்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் மூவரையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டுவிட்டு, குடைக்காரியிடம் திரும்பினார்.

"அவங்களோட பேச்சிலயே கேளுங்கம்மா. குழந்தை எங்க இருக்கு?"

குடைக்காரி எழுந்து நின்றாள். "அதை எங்க பேச்சுல கேக்க முடியாதுங்க."

ஏன் என்று அவர் கேட்டார். சாவு நடந்த வீட்டில் மழை பெய்கிற வரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்றும், கேட்டால் அவர்களுக்குச் சொல்ல ஒரே பதில்தான் உண்டு என்றும், அந்தப் பதிலை எழுதிக்கொள்வது நியாயமில்லை என்றும் அவள் பொறுமையாகச் சொன்னாள். தலைவர் காது கொடுத்துத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, உங்கள் முறைக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதால்தான் உங்களையே வேலைக்கு வைத்தோம், ஆனால் ஒரு சின்னக் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் நாங்கள் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்றார். அதை நியாயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"கடைசியாக் கேக்கறேம்மா. நீங்க கேக்கறீங்களா, இல்ல அவரைக் கேக்கச் சொல்லவா? கேக்க மாட்டேன்னா இந்த வேலையில நீங்க இருக்கிறதுக்கு அர்த்தமில்ல."

"அவரும் கேக்க வேணாங்க" என்றாள் குடைக்காரி. அந்தக் கேள்வியை அவளும் கேட்கவில்லை.

தலைவர் பெருமூச்சு விட்டுக் காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் தொண்டையைச் செருமினார். தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இனி அந்த மனுஷர் வாயைத் திறந்தால் தம்பி இல்லை என்பான், அவன் பொண்டாட்டி இல்லை என்பாள், நர்ஸ் குனிந்து எழுதுவாள், வெளியே ஒரு வண்டி புறப்படும். பட்டைக்காரிக்குத் தன் எட்டு வயதில் ஏறிய வண்டியின் பின்பலகை கண்முன்னால் தெரிந்தது. அப்பாவும் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்று தோன்றியது. பேத்தியைப் பற்றி மேட்டுப் பேச்சில் கேட்கப் போகிற இடத்துக்கு வராமலா இருப்பார்? கதவருகே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

பிறகு எழுந்து நின்று, ஊர்ப் பேச்சில், தெளிவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் தண்ணி வேணும்."

தம்பி கண்ணைத் திறந்து அவளை ஒருமாதிரியாகப் பார்த்தான். தாளைப் புரட்டிக்கொண்டிருந்த கண்ணாடியம்மாவின் கை பாதியில் நின்றது. நடையில் தான் பேசியதெல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. நர்ஸ் எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டைக்காரி அவசரப்படாமல் குடித்தாள். அப்பா எழுந்துகொள்ள நேரம் வேண்டும், முட்டி வலிக்காரர். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடையைத் தாண்டி வெளியே போகட்டும். போகிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அப்படிப் போனது அவளுக்கு வலிக்கவில்லை.

டம்ளரை மேசையில் வைத்தாள். உள்ளங்கைப் பிசின் அதை விட மறுத்ததால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

"குழந்தை உங்க ஆபீசுக்குப் பின்னாடி தெருவுல இருக்குது. துணி தேய்க்கிற அம்மா வீட்ல."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவளும் நானும் ஒரே காப்பகத்துல இருந்தோம். அவ ஊர்ப் பொண்ணு, அவ வீட்ல ஊர்ப் பேச்சுதான். ஊர்ப் பேச்சு கேக்கிற இடத்துக்கு எங்கப்பா வர மாட்டாரு. அதான் அங்க வச்சேன். குழந்தை நல்லாயிருக்குது. நீங்க போய்ப் பாருங்க, எடை போடுங்க. ஆனா தூக்கிட்டுப் போகக் கூடாது. தூக்கணும்னா முதல்ல என்னைத் தூக்குங்க."

"அந்தக் குழந்தையா?" என்றாள் கண்ணாடியம்மா, ஈனக் குரலில். "நான் போன வாரம் துணி வாங்கப் போனப்ப எம் புடவையைப் பிடிச்சு இழுத்துச்சே."

தலைவர் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க கேட்டது எங்க பேச்சுல. அதுல சொன்னா எங்கப்பாவுக்குக் கேக்கும். அதோட உங்களை நான் நம்பல. இப்பவும் முழுசா நம்பல. இந்தப் பொண்ணு கேக்க மாட்டேன்னு நின்னதால சொன்னேன்."

அப்புறம் நடந்தது சீக்கிரமாக நடந்தது. நர்ஸ் தராசை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போய் வந்து, எடை கூடியிருப்பதாகச் சொன்னாள். மழை வரும்வரை குழந்தை அங்கேயே இருக்கட்டும், நர்ஸ் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தலைவர் முடிவாகச் சொன்னார். குடைக்காரியின் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

நடையில் குடைக்காரி எதிரே வந்தாள். நன்றி என்று ஏதாவது சொல்வாளோ என்று பட்டைக்காரி பயந்தாள். அவள் குடையின் நுனியால் தரையைத் தட்டினாள், அவ்வளவுதான். பட்டைக்காரி ஓரத்துப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவள் பக்கத்தில் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தாள். செருப்பில் செம்மண் இன்னும் போகவில்லை என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. தம்பிக்கும் அவன் பொண்டாட்டிக்கும் உள்ளே நடந்ததில் ஒரு சொல்லும் புரியவில்லை. அண்ணிக்கு இத்தனை ஊர்ப் பேச்சு வருமா என்ற திகைப்பே அவளுக்கு இன்னும் தெளியவில்லை. கொஞ்ச தூரம் வந்ததும் மேட்டுப் பேச்சில் மெதுவாகக் கேட்டாள்:

"உள்ள என்ன சொன்னீங்க அண்ணி?"

பட்டைக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். வெளியே போனவர் இந்தப் பக்கம்தான் எங்காவது மர நிழலில் உட்கார்ந்திருப்பார்.

"நம்ம வீட்ல குழந்தை இல்லேன்னு சொன்னேன்."

தம்பி பொண்டாட்டி அவள் முகத்தையே பார்த்தாள். பட்டைக்காரியின் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, அவள் மூச்சை இழுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்தெரு வழியாகப் போனால் மில்லுக்குக் குறுக்கு வழி. பட்டைக்காரி வேண்டுமென்றே அவர்களைச் சுற்றுத் தெருவில் கூட்டிக்கொண்டு போனாள். இருந்தும் மையத்து மதிலை ஒட்டித் திரும்புகிற இடத்தில், வீடுகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைக் குரல் கேட்டது. ஏதோ ஒரு சொல்லை, ஊர்ச் சொல்லைத்தான், திரும்பத் திரும்பக் கத்திச் சிரித்தது.

தம்பி பொண்டாட்டி நின்றுவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மார்புத் துணி நனைந்தது. பட்டைக்காரிக்கு உயிர் போய்த் திரும்பியது. இவள் ஓடப்போகிறாள், பேரைச் சொல்லிக் கத்தப் போகிறாள், எல்லாம் போச்சு என்று அவள் கையைப் பிடித்தாள். பிசின் கை அவள் கையோடு ஒட்டிக்கொண்டது.

அவள் ஓடவில்லை. அந்தக் குரல் ஓயும்வரை நின்று கேட்டாள். பிறகு முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, மேட்டுப் பேச்சில், மாமனாருக்கு நன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"யாரோ ஊராள் வீட்டுக் குழந்தை போல. வாங்க அண்ணி, போகலாம்."